திருகோணமலைக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிவரலாமா?

திருச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். எழுபதை நெருங்கும் அம்மா, ஒன்பதும் பதின்மூன்றும் வயதான இரண்டு பிள்ளைகள், கணவர். டிசம்பர் விடுமுறையில் ஐந்து நாள் திருகோணமலையில் தங்க நினைக்கிறார்கள். "போர் நடந்த ஊராயிற்றே, பயமில்லையா?" என்பது கேள்வியின் முதல் வரி. கடைசியில், போகிற போக்கில் எழுதியதுபோல இன்னொரு வரி இருக்கிறது: "அவ்வளவு பேர் செத்த மண்ணில் போய் நாம் கடலில் குளித்துக் கும்மாளம் போடுவது சரியா என்று அம்மா கேட்கிறார்." முதல் வரிக்குப் பதில் சின்னது. அம்மா கேட்டதுதான் பெரிய கேள்வி என்று எனக்குப் படுகிறது. இரண்டுக்கும் சொல்கிறேன். நடுவில் அவர் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தத் திட்டத்தில் பிழை இருப்பது அங்கேதான்: டிசம்பர்.

நான் யாரென்று சொல்லிவிடுகிறேன், என் பேச்சை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். பிறந்தது திருகோணமலை. 1990இல் குடும்பத்தோடு படகேறி, தமிழ்நாட்டில் மண்டபம் அகதி முகாமில் இரண்டு வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவன். வளர்ந்தபின் மூதூர்ப் பக்கக் கிராமங்களில் மிதிவெடி அபாயக் கல்வி கொடுக்கும் வேலையில் சில வருடங்கள் இருந்தேன். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் படங்களைக் காட்டி, இதைத் தொடாதே, அந்தப் பக்கம் போகாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் வேலை. 2011இலிருந்து சுற்றுலா வழிகாட்டி. ஆகவே நான் சொல்வது திருகோணமலை மாவட்டத்துக்கு மட்டும். முல்லைத்தீவுக்கோ மன்னாருக்கோ இதை அப்படியே பொருத்திப் பார்க்காதீர்கள். விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. அதை அரசாங்கத் தளத்தில்தான் பார்க்க வேண்டும், என்னைப் போன்றவர்களின் வாயை நம்பி டிக்கெட் எடுக்கக்கூடாது.

முதலில் பயம். கிழக்கில் சண்டை 2007 நடுப்பகுதியோடு ஓய்ந்தது, நாடு முழுவதும் 2009 மே மாதத்தோடு. திருகோணமலை நகரம், உப்புவெளி, நிலாவெளி, கன்னியா, கிண்ணியா, மூதூர் என்று நீங்கள் போகக்கூடிய எந்த இடத்திலும் இன்று போரின் காரணமாகப் பயப்பட ஒன்றுமில்லை. இதைத் தயங்காமல் சொல்வேன். மிதிவெடி விஷயத்திலும் வழக்கமான பாதைகளும் கடற்கரைகளும் கோவில்களும் வருடக்கணக்காக ஆட்கள் புழங்கும் இடங்கள். ஆனால் ஒரு பழைய பழக்கத்தை மட்டும் நான் விடவில்லை, என்னோடு வருகிறவர்களையும் விடச் சொல்வதில்லை: கைவிடப்பட்ட முகாம், மண் அணை, பற்றை மூடிய காணி, இவற்றுக்குள் ஒன்றுக்குப் போகக்கூட இறங்க வேண்டாம். வெள்ளம் வந்தால் மண்ணுக்குள் கிடப்பது இடம் மாறும். சிவப்புப் பலகையில் மண்டையோடு போட்டிருந்தால் அது சும்மா வைத்ததில்லை. கட்டைகளிலோ கற்களிலோ சிவப்பும் வெள்ளையும் பூசியிருந்தால் சிவப்பு ஆபத்தான பக்கம், வெள்ளை துப்புரவாக்கிய பக்கம். இந்த மாவட்டத்தில் உங்கள் பயணத்தில் அப்படி ஒரு பலகையை நீங்கள் காணாமலே திரும்புவீர்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் பதின்மூன்று வயதுப் பையனுக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

உண்மையான ஆபத்துகள் வேறு. ஒன்று யானை. கொழும்பிலிருந்து வரும் வீதி தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழியாக வருகிறது. ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் நடுவில் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு வரும். ஆகவே வான் வண்டியில் வருவதானால் காலையில் புறப்பட்டு வெளிச்சத்தோடு வந்து சேருங்கள். ஆறேழு மணித்தியாலம் ஆகும். இரவு ரயிலும் உண்டு. கொழும்பு கோட்டையில் ஏறிப் படுத்தால் விடியும்போது திருகோணமலை. கல்லோயாச் சந்தியில் மட்டக்களப்புப் பாதை ஒரு பக்கமும் நம்முடையது இன்னொரு பக்கமுமாகப் பிரியும். அம்மாவுக்கு வளைவில்லாத ரயில்தான் நல்லது, ஆனால் ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் துன்பம். இன்னொரு ஆபத்து கடல். அதைப் பற்றி டிசம்பரோடு சேர்த்துச் சொல்கிறேன்.

சரி, டிசம்பர். இலங்கையின் சுற்றுலா விளம்பரங்களில் டிசம்பர்தான் பெரிய மாதம், ஆனால் அது காலி, ஹிக்கடுவை போன்ற தென்மேற்குக் கரைக்குச் சொன்னது. எங்கள் கரை நேர்மாறு. உங்களூரில் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் அதே வடகீழ்ப் பருவமழைதான் எங்களுக்கும் வருகிறது, இங்கே அது மார்கழி முழுவதும் நின்று தை வரை இழுக்கும். எங்கள் வருட மழையில் பாதிக்கு மேல் இந்த நான்கு மாதத்தில் பெய்துவிடும். வாடைக்காற்று அடிக்கும்போது நிலாவெளிக் கடல் நீங்கள் படத்தில் பார்த்த நீலத்தில் இருக்காது, மண் கலந்து கலங்கிக் கிடக்கும். படகு ஓடாது. உப்புவெளிப் பக்கம் பல விடுதிகள் அரைகுறையாகத்தான் திறந்திருக்கும். குளிக்க இறங்கினால் கால் கீழே மணலை இழுக்கும் ஓட்டம் இருக்கும். கோடையில் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகள் விளையாடிய அதே இடத்தில்தான் இதுவும். இன்னொன்றும் உண்டு. டிசம்பர் 26 இங்கே சுனாமி நாள். 2004இல் கடல் வந்து போன கரைகளில் அன்று காலை விளக்கேற்றி அழுவார்கள். அன்றைக்குக் கடற்கரையில் பந்து விளையாட உங்களுக்கே மனம் வராது.

உங்களுக்கு ஏப்ரல், மே கோடை விடுமுறை இருக்கிறதே, அதை விட்டுவிட்டு ஏன் டிசம்பர்? மே மாதம் வாருங்கள். ஏப்ரல் நடுவில் சித்திரைப் புத்தாண்டுக்கு நாடு முழுவதும் இங்கே திரளும், விடுதி விலை ஏறும். அந்த ஒன்றரை வாரத்தைத் தள்ளிவிடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை கடல் குளம்போல் கிடக்கும். ஜூனுக்குப் பிறகு கச்சான்காற்று அனலாக வீசும், அம்மாவுக்குக் கஷ்டம். மே மாத வெயில் திருச்சிக்காரர்களை ஒன்றும் செய்யாது.

மே என்றால் இரண்டு விஷயம் கூடக் கிடைக்கும். ஒன்று திமிங்கிலம். திருகோணமலைக் குடாவுக்கு அடியில் ஆழமான கடற்பள்ளம் ஒன்று கரைக்கு மிகக் கிட்ட வருகிறது, அதனால் நீலத் திமிங்கிலம் கரையிலிருந்து அதிக தூரம் போகாமலே தென்படும். மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை காலம். "கட்டாயம் காட்டுவேன்" என்று சொல்லும் படகுக்காரரிடம் ஏறாதீர்கள். கட்டாயமாகக் காட்டுகிறவர் அதைத் துரத்தித்தான் காட்டுவார். மற்றது புறாத்தீவு. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் அளவில் இருக்கும் சின்னத் தீவு, 2003இலிருந்து தேசியப் பூங்கா. வெள்ளைக்காரன் காலத்தில் அதைக் குறிபார்த்துச் சுடப் பழகும் இடமாக வைத்திருந்தார்கள். மாடப்புறாக்கள் பாறையில் கூடு கட்டும், பெயர் அதனால் வந்தது. தண்ணீருக்குள் முகமூடி போட்டுப் பார்த்தால் முருகைக்கல், நீங்கள் பவளப்பாறை என்பது, அதற்கு நடுவே செட்டை நுனி கறுத்த சின்னச் சுறாக்கள் போகும். அவை மனிதரைக் கடிப்பது மிக அரிது, உங்களைக் கண்டால் விலகிப் போகும். கடிபடுவது முருகைக்கல்தான்: ஒவ்வொரு விடுமுறை நாளிலும் அதன்மேல் ஏறி நிற்கும் கால்களை நான் பார்க்கிறேன். நின்ற இடம் சாகும், திரும்ப வளர வருடங்கள் ஆகும். மிதக்கத் தெரியாவிட்டால் மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு குப்புறக் கிடந்து பாருங்கள், கால் ஊன்றாதீர்கள். சனி, ஞாயிறு தவிர்த்துக் காலை முதல் படகில் போனால் பாதித் தீவு உங்களுடையது.

இப்போது அம்மாவின் கேள்வி. வழிகாட்டி வேலையில் இத்தனை வருடத்தில் இதை நேராகக் கேட்டவர்கள் குறைவு. பெரும்பாலும் ஒன்றில் போரைப் பற்றி நினைக்காமலே வந்து குளித்துவிட்டுப் போவார்கள், அல்லது போரைப் பார்க்கவென்றே வருவார்கள். இரண்டாவது வகைதான் எனக்குக் கஷ்டம். "குண்டு விழுந்த வீடு எங்கே, படம் எடுக்கணும்" என்பார்கள். அந்த வீட்டுக்குள் ஆள் இருக்கிறார், அவர் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருக்கிறார்.

அம்மாவிடம் சொல்லுங்கள்: இந்த ஊர் விருந்தாளி வந்தால் சந்தோஷப்படும் ஊர். போர்க்காலத்தில் நிலாவெளி விடுதிகள் வெறிச்சோடிக் கிடந்தபோது அங்கே சமைத்தவர், துவைத்தவர், படகு ஓட்டியவர் எல்லோரும் என் சொந்தக்காரர்களும் அயலவர்களும்தான். நீங்கள் கடலில் குளிப்பது யாரையும் புண்படுத்தாது. எங்கள் பிள்ளைகளும் அங்கேதான் குளிக்கிறார்கள். காசு யாரிடம் போகிறது, வாய் எதைக் கேட்கிறது, இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் போதும்.

காசு முதலில். போர் முடிந்த பிறகு கரையோரத்தில் சில நல்ல இடங்கள் படையினரின் நிர்வாகத்தில் இருக்கின்றன. சீனன்குடாவில் மாபிள் பீச் என்ற அழகான, அலையில்லாத கடற்கரையை விமானப்படை நடத்துகிறது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான இடம் என்பதில் சந்தேகமில்லை. போகிறவர்களை நான் தடுப்பதில்லை. ஆனால் டிக்கெட் காசு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். அலஸ்தோட்டத்திலும் உப்புவெளியிலும் குடும்பங்கள் நடத்தும் சின்ன விடுதிகள் இருக்கின்றன. மாடியில் மூன்று அறை, கீழே வீட்டுக்காரர். அங்கே தங்கினால் காலை இடியப்பமும் சொதியும் அந்த வீட்டு அடுப்பிலிருந்தே வரும், காசும் அந்த வீட்டிலேயே நிற்கும். அம்மா சைவம் என்றால் முதல்நாளே சொல்லிவையுங்கள், மாசிக்கருவாட்டுத் தூள் போடாத சம்பல் தனியாக அரைப்பார்கள். இந்த மாசி விஷயம் தமிழ்நாட்டிலிருந்து வரும் சைவக்காரர்களுக்குத் தெரிவதில்லை, தேங்காய்ச் சம்பல்தானே என்று சாப்பிட்டுவிடுவார்கள்.

காலையில் கரைவலை இழுப்பதைப் பார்க்கலாம். சாம்பல்தீவு, சல்லிப் பக்கம் போனால் இரண்டு வரிசை ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்பார்கள். ஹோட்டல் வேலிகள் வந்தபிறகு வலை இழுக்கும் கரை சுருங்கிப்போனது, ஆகவே சும்மா நின்று படம் பிடிப்பவர்மேல் கொஞ்சம் எரிச்சல் இருக்கும். கயிற்றைத் தாண்டாதீர்கள். பையனை ஒரு கை பிடிக்கச் சொல்லுங்கள். வலையின் மடி கரைக்கு வந்ததும் இரண்டு பாரை மீனைப் பையில் போட்டுத் தந்தால் மறுக்காதீர்கள், விடுதிக்காரர் பொரித்துத் தருவார்.

அடுத்தது வாய். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கென்றே. நீங்கள் எங்கள்மேல் உண்மையான அன்போடு வருகிறீர்கள், அது எங்களுக்குத் தெரியும். அந்த அன்பில் ஆட்டோவில் ஏறி ஐந்து நிமிடத்துக்குள் புலிகள் இயக்கத்தைப் பற்றியும் அதன் தலைமையைப் பற்றியும் உரத்த குரலில் கேட்கத் தொடங்கிவிடுகிறீர்கள். ஓட்டுகிற தம்பி சிரித்துக்கொண்டு "சாப்பிட்டீங்களா?" என்று பேச்சை மாற்றுவார். அவருக்குக் கருத்தில்லை என்று நினைக்காதீர்கள். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தோடு இந்த நாட்டில் ஒரு தலைமுறையே வளர்ந்திருக்கிறது. நீங்கள் ஐந்தாம் நாள் விமானம் ஏறிவிடுவீர்கள், ஆட்டோ அடுத்த நாளும் அதே சந்தியில்தான் நிற்கும். புலிச்சின்னம் போட்ட சட்டை, கைப்பேசி உறை எதையும் கொண்டுவராதீர்கள், சட்டப்படியே சிக்கல். இன்னொன்று: 1987 முதல் 1990 வரை இந்தியப் படை இங்கே இருந்த காலமும் ஆட்களின் நினைவில் இருக்கிறது. மரியாதைக்காக உங்களிடம் சொல்லமாட்டார்கள்.

அப்படியானால் எதுவுமே கதைக்கக்கூடாதா? கதைக்கலாம். கேட்காமல் இருந்தால் அவர்களே சொல்வார்கள். தேத்தண்ணி குடிக்கும்போது "உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று அம்மா சாதாரணமாகக் கேட்பார். அந்தக் கேள்விக்குச் சில வீடுகளில் பதில் உடனே வராது. "நாலு பேர்... இப்ப ரெண்டு" என்று வரும். அதற்குமேல் ஒன்றும் கேட்காமல் அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். இந்த விஷயத்தில் உங்கள் குடும்பத்திலேயே சரியான ஆள் அம்மாதான் என்று நினைக்கிறேன். இங்கே போர் என்ற சொல்லைவிட "பிரச்சினைக் காலம்" என்பார்கள். அந்தச் சொல் காதில் விழுந்தால் கதை தொடங்குகிறது என்று அர்த்தம். வீதியோரத்தில் புகைப்படங்களை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருப்பதைக் காணலாம். காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் பிள்ளைகளுக்காக 2017இலிருந்து வடக்கிலும் கிழக்கிலும் தொடர்ந்து போராடுகிறவர்கள். அவர்கள் படம் எடுக்கச் சொன்னால் எடுங்கள், சொல்லாவிட்டால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், தமிழரிடம் இதைச் சொல்வதற்குத் தயக்கம் இருந்தாலும். திருகோணமலை ஒரு சமூகத்தின் ஊர் அல்ல. மாவட்டத்தில் பத்துப் பேரில் நான்கு பேரளவில் முஸ்லிம்கள், மீதி தமிழரும் சிங்களவரும் ஏறத்தாழச் சரிபாதி. 2006இல் நடந்ததை மட்டும் பாருங்கள். ஜனவரி 2ஆம் திகதி நகரக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட பொலிஸ் விசேட அதிரடிப் படையினர் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். ஏப்ரலில் மரக்கறிச் சந்தையில் குண்டு, அதைத் தொடர்ந்து தமிழர் கடைகள் எரிந்தன. ஆகஸ்டில் மூதூரில் சண்டை மூண்டு முஸ்லிம் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் வீதியில் நடந்து ஓடின. அதே நாட்களில் அங்கே பதினேழு உதவிப் பணியாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை. சிங்களக் கிராமங்களில் வயலுக்குப் போனவர்கள் திரும்பி வரவில்லை. நான் இங்கே யாருக்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கவில்லை. கிண்ணியாவில் பிரியாணி பரிமாறுகிறவரிடமும் கந்தளாயில் தயிர் விற்கிற சிங்கள அம்மாவிடமும் ஒரு கதை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அம்மா எப்படியும் கோணேசர் கோவிலுக்குத்தான் வருவார். சம்பந்தர் பாடிய தலம். கோவிலுக்குப் போகும் வழி பிரெட்ரிக் கோட்டைக்குள்ளால், கோட்டை இராணுவத்தின் கையில். வாசலில் துப்பாக்கியோடு நிற்பவரைப் பார்த்துப் பிள்ளைகள் மிரளலாம். உள்ளே புள்ளிமான்கள் நாய்கள்போல வீதியில் திரியும், பிறகு மிரட்சி போய்விடும். மானுக்குப் பொலித்தீன் பையோடு எதையும் நீட்டாதீர்கள், பையையும் சேர்த்து விழுங்கிவிடும். உறுதியாகத் தெரிந்தது இது: பழைய பெருங்கோவிலைப் போர்த்துக்கேயர் 1622ஐ ஒட்டிய வருடங்களில் இடித்து, அந்தக் கல்லைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவரோடு சுழியோடிய மைக் வில்சனும் பாறைக்குக் கீழே கடலுக்குள் கோவிலின் சிதைவுகளைக் கண்டார்கள். இப்போதைய கோவிலின் குடமுழுக்கு 1963. உறுதியில்லாதது, ஆனால் எல்லா வழிகாட்டிகளும் உறுதியாகச் சொல்வது: பாறைப் பிளவு இராவணன் வாளால் வெட்டியது, ஒல்லாந்துப் பெண் காதல் தோல்வியில் அங்கிருந்து குதித்தாள், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சன் இந்தத் துறைமுகத்தை உலகிலேயே சிறந்தது என்றான். இராவணன் வெட்டு நம்பிக்கை, அதை அப்படியே வணங்கிவிட்டுப் போகலாம். மற்ற இரண்டையும் நான் காசு வாங்கிக்கொண்டு சொல்கிறேன், நம்பச் சொல்வதில்லை.

கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. முங்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்றிக்கொள்ள வேண்டும். செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாள் கிரியை செய்ய எங்கள் ஆட்கள் போகும் இடம் அது, ஆகவே பக்கத்தில் யாராவது ஈர வேட்டியோடு அழுதுகொண்டு நிற்கக்கூடும். அங்கே பிள்ளையார் கோவில் இருந்த இடத்தில் விகாரை கட்டுவது பற்றிய வழக்கில் நீதிமன்றம் 2019இல் இடைக்காலத் தடை போட்டது. அந்தச் சூடு தண்ணீரின் சூட்டைவிட அதிகம். அதற்கு மருந்துபோல நான் இன்னொரு இடத்துக்கும் கூட்டிப்போவதுண்டு: பெரியகுளத்துக்கு அருகில் வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கப் பசு கொடுத்ததைத் தமிழில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்வெட்டுப் பார்த்த கண்ணுக்கு அந்த எழுத்து அந்நியமாக இருக்காது. இங்கே சுற்றுலாப் பயணிகள் வருவது மிகக் குறைவு, கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கலாம்.

ஐந்து நாளில் ஒரு நாளைத் தெற்குப் பக்கத்துக்குக் கொடுங்கள் என்பதுதான் நான் வற்புறுத்திச் சொல்லும் ஒரே விஷயம். நிலாவெளி எப்படியும் பிழைத்துக்கொள்ளும். குடாவின் மறுபக்கம்தான் கடைசியாக எழுந்தது. முன்பு மட்டக்களப்பு வீதியில் ஆற்றுக்கு ஆறு பாதை ஏற வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்வது வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றி இழுக்கும் மிதவையை. நான் வேலைக்குப் போன காலத்தில் கிண்ணியாவில் பாதைக்குக் காத்து நிற்பதே அரைநாள் வேலை, சோதனை வேறு. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறந்தார்கள், 396 மீற்றர். அன்றைக்கு ஊரே நடந்து கடந்தது, நானும் இரண்டு முறை காரணமில்லாமல் போய் வந்தேன். ஆனால் பாலம் எல்லாருக்கும் வரவில்லை. அதே கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டும்போது ஓடிய பாதை 2021 நவம்பரில் கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறந்தார்கள்.

கிண்ணியா தாண்டி மூதூர். அங்கே ரொபேர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேய மாலுமி 1660இல் கண்டி மன்னனின் ஆட்களிடம் பிடிபட்ட இடத்தில் ஒரு கல் நட்டிருக்கிறார்கள். பிறகு ஏறக்குறைய இருபது வருடம் சிறையிருந்தான். மூதூரிலிருந்து கட்டைபறிச்சான் வழியாகச் சம்பூர். 2006இல் இந்த ஊர் முழுதாக இடம்பெயர்ந்தது. கிளிவெட்டியிலும் பட்டித்திடலிலும் தகரக் கொட்டில்களில் ஒன்பது, பத்து வருடம் இருந்தார்கள். காணிகள் முதலீட்டு வலயத்துக்கும் கடற்படை முகாமுக்கும் என்று எடுக்கப்பட்டன. 2015இலும் 2016இலும்தான் திரும்பக் கிடைத்தன. நான் முதல் முறை மீள்குடியேறிய ஒரு குடும்பத்தைப் பார்க்கப் போனபோது வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்கூட இல்லை. கிணற்றை வைத்துத்தான் தங்கள் வளவை அடையாளம் கண்டார்கள். இன்று அங்கே வேலி, மா, தென்னம்பிள்ளை, கோவில் திருவிழா எல்லாம் உண்டு. பார்ப்பதற்கென்று ஒன்றுமில்லை. ஒரு கடையில் நிறுத்தி சோடா வாங்குங்கள், கோவிலில் கும்பிடுங்கள், திரும்புங்கள். இன்னும் நேரமிருந்தால் வெருகல் வரை போகலாம். ஆற்றங்கரையில் சித்திர வேலாயுத சுவாமி கோவில், அம்மாவுக்குப் பிடிக்கும்.

பிள்ளைகளுக்குப் போரை எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்பார்கள். நிலாவெளி வீதியில் பொதுநலவாய யுத்த மயானம் இருக்கிறது, இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுடையது. ஜப்பான் விமானங்கள் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி இந்தத் துறைமுகத்தைக் குண்டு போட்டுத் தாக்கின. புல் ஒரே அளவில் வெட்டி, ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது. என் மகளை எட்டு வயதில் கூட்டிப்போனேன். வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தவள், "எங்கட ஆக்களின்ர கல் எங்கப்பா?" என்று கேட்டாள். நான் அன்றைக்கு மறுமொழி சொல்லவில்லை, ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன். உங்கள் பையனும் அதைக் கேட்டால், தெரியாது என்று சொன்னாலும் பிழையில்லை.

மீதி சின்ன விஷயங்கள். முகாம், சோதனைச்சாவடி, துறைமுகக் கடற்படைப் பகுதி எதையும் படம் எடுக்க வேண்டாம். ட்ரோனுக்கு அனுமதி வேண்டும், ஆகவே வீட்டிலேயே வைத்துவிடுங்கள். திரும்பும்போது தம்பலகாமம், கந்தளாய் வீதியில் மண்சட்டியில் எருமைத் தயிர் விற்பார்கள். கித்துள் பாணி, உங்களூரில் கூந்தற்பனைப் பாகு என்பது, ஊற்றி அங்கேயே சாப்பிடுங்கள், விமானத்துக்குக் கொண்டுபோக முடியாது. கோணேசர் கோவிலில் செருப்பைக் கழற்றியபின் நடக்கும் கல் பத்து மணிக்குமேல் சுடும். அம்மாவைக் காலைப் பூசைக்கே கூட்டிப்போங்கள்.